லைட் ஃபிளைவீல் மாட்டுவதற்கு முன்னும் பின்னும்

லைட் ஃபிளைவீல் மாட்டினால் குதிரைத்திறன் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் பட்டறைக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அதை நம்பித்தான் காசு சேர்க்கிறார்கள். இன்ஜினை ஒரே ஆர்.பி.எம்.மில் நிறுத்தி டைனோவில் அளந்து பாருங்கள், பழைய ஃபிளைவீலுக்கும் புதியதற்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. மாறுவது வேறொன்று. மிதித்ததும் ஆர்.பி.எம். எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது, காலை எடுத்ததும் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதுதான் அது. அது வேண்டுமா, எவ்வளவு வேண்டும், உங்கள் சாலைக்கு அது ஒத்துவருமா என்று முடிவு செய்த பிறகு கியர்பாக்ஸில் கை வைக்கலாம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஃபிளைவீல் புதிதல்ல. ரப்பர் ஷீட் மெஷினை ஓட்டிய ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இன்ஜின் சிறியதுதான். பக்கத்தில் சுற்றும் சக்கரம் மட்டும் ஆளை மிரட்டும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். மிச்சமிருக்கும் மூன்று ஸ்ட்ரோக்கையும் இழுத்துக்கொண்டு போவது அந்தச் சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம். அதைச் சின்னதாக்கினால் அடுத்த வெடிப்பு வருவதற்குள் இன்ஜின் நின்றுவிடும். காடியில் இருக்கும் நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வெடிக்கிறது. அதனால் அதற்கு அவ்வளவு கனமான ஃபிளைவீல் தேவையில்லை. ஆனாலும் கம்பெனிக்காரன் கொஞ்சம் கூடுதலாகவே எடை வைக்கிறான். ஏர்கான் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து போகிறவர்களையும், கிளச்சை இன்னும் பழகாதவர்களையும் மனதில் வைத்து அவன் செய்கிற கணக்கு அது. நாம் குறைக்கப்போவது அந்தக் கூடுதலைத்தான்.

எவ்வளவு பலன் கிடைக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 8 கிலோ ஃபிளைவீலை எடுத்துவிட்டு 4.5 கிலோவில் ஒன்று போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 3.5 கிலோவும் மையத்திலிருந்து சராசரியாக 11 செ.மீ. தூரத்தில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் ஆரம் 29 செ.மீ. முதல் கியரும் ஃபைனல் டிரைவும் சேர்ந்து 13 மடங்கு என்றால், முதல் கியரில் காடி ஏறத்தாழ 85 கிலோ இளைத்தது மாதிரி ஓடும். பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு பெரிய ஆள் இறங்கிவிட்ட கணக்கு. இரண்டாம் கியரில் மொத்தம் 7.5 மடங்கு என்றால் பலன் 28 கிலோவாகிவிடும். மூன்றாம் கியரில் 14. ஐந்தாம் கியரில் வெறும் 5 கிலோ. கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்து பலன் மாறுவதால்தான் இப்படிச் சரிகிறது. லாத்தார் நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் போய்க்கொண்டு 'ஒன்றுமே தெரியலையே' என்று கேட்பவருக்கு இதுதான் பதில்.

இதிலேயே இன்னொரு உண்மையும் இருக்கிறது. எடையைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். விளிம்பில் ஒரு கிலோ எடுப்பதும், மையத்துப் போல்ட் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கிலோ எடுப்பதும் ஒன்றல்ல. தூரம் இரண்டு மடங்கானால் பலன் நாலு மடங்கு. பெட்டியின் மேல் 'இத்தனை கிலோ' என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஃபிளைவீலைத் திருப்பிப் பார்த்து, பின்பக்கம் விளிம்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கவனியுங்கள்.

எந்தக் காடிக்கு இது பொருந்தும்? நம் பக்கத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ.யில்தான் போய் நிற்கும். 1990களின் கடைசியில் வந்த காடி. 1,834 சி.சி. 4ஜி93 இரட்டை கேம் இன்ஜின். லோட்டஸ்காரர்கள் சஸ்பென்ஷனைச் சரிபார்த்துக் கொடுத்தது. இன்றைக்கும் குவாலா சிலாங்கூரிலிருந்து பத்தாங் காலி வரை யார் வீட்டுக் கொட்டகையிலாவது ஒன்று துணி மூடி நிற்கும். அடுத்தது, ஹாஃப் கட் கடையில் வாங்கிய 4ஜி92 மைவெக் இன்ஜினை வீராவிலோ சத்ரியாவிலோ இறக்கியவர்கள். 1.6 லிட்டரில் 175 குதிரைத்திறன் தரும் இன்ஜின் அது, ஆனால் அதன் முழுச் சக்தி கிடைப்பது 7,500 ஆர்.பி.எம்.மில். மேல் ஆர்.பி.எம்.மில் வாழும் இப்படிப்பட்ட இன்ஜினுக்குத்தான் லைட் ஃபிளைவீல் நிஜமாகவே உதவும். கியர் மாற்றும்போது ஆர்.பி.எம். சட்டென்று இறங்கி அடுத்த கியரோடு சேர்ந்துகொள்ளும். கீழ் கியருக்கு வரும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும். (இன்ஜின் மாற்றியவர்கள் ஜே.பி.ஜே. அனுமதி வாங்கி, பரிசோதனைக்குப் போய், புது இன்ஜின் எண்ணை கிராண்டில் ஏற்றியிருக்க வேண்டும். அது முடியாமல் இந்த அத்தியாயத்துக்கு வராதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் மாற்றங்களைச் சொல்லிவிடுங்கள்.)

சின்ன இன்ஜின் காடிகளுக்கு நான் ஊக்கம் தருவதில்லை. கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை குறைந்த இன்ஜினில் ஃபிளைவீலையும் இளைக்க வைத்தால், ஒவ்வொரு டிராஃபிக் லைட்டிலும் கிளச்சைத் தேய்த்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். ஆட்டோ காடிக்கு ஃபிளைவீலே கிடையாது. அங்கே இருப்பது டார்க் கன்வெர்ட்டரைப் பிடிக்கும் மெல்லிய தகடு. அப்புறம், தோட்டத்துக்குள் ஓடும் புதிய டீசல் பிக்கப்கள். பலவற்றில் இருப்பது ஸ்பிரிங் வைத்த இரட்டை ஃபிளைவீல். டீசலின் உதறல் கியர்பாக்ஸுக்குள் போகாமல் தடுப்பதே அதன் வேலை. அதை எடுத்துவிட்டு ஒற்றை லைட் ஃபிளைவீல் மாட்டினால் நியூட்ரலில் நிற்கும்போதே கியர்பாக்ஸ் கடகடக்கும். அதை விட்டுவிடுங்கள்.

இனி சாலை. வடக்கு சிலாங்கூரில் ஓட்டுபவருக்கு இதுதான் முக்கியம். கடைகளில் விற்கும் ஃபிளைவீல்களில் பல பந்தயத் தடத்தை நினைத்துச் செய்தவை. சிப்பாங் தடத்தின் ஒரு சுற்று 5.543 கி.மீ., அதில் முதல் கியரில் ஊர்ந்து போகும் இடம் ஒன்றுகூட இல்லை. நம் வாழ்க்கை அப்படியா? சனிக்கிழமை சாயங்காலம் பாசிர் பெனம்பாங்கில் மீன் சாப்பிட வரும் கூட்டம் ஆற்றுப் பாலத்தில் நின்றுவிடும். செகிஞ்சானுக்கு வயல் பார்க்கப் போகிறவர்கள் ஐந்தாம் எண் சாலையை அடைத்துக்கொள்வார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால், புழுதியோ சேறோ, பத்து கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். புக்கிட் மலாவத்தி ஏற்றத்தில் கொஞ்சம் நின்று கிளம்பிப் பாருங்கள், ஃபிளைவீலின் எடை எதற்கு என்று கால் சொல்லும்.

இன்னொரு விஷயம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கரையோரச் சாலைகளும், ராஜா மூசா காட்டை ஒட்டிய சாலைகளும் களிமண்ணிலும் சதுப்பு நிலத்திலும் போட்டவை. தரை அமுங்க அமுங்கத் தார் அலை அலையாகிவிடும். வேகமாகப் போகும்போது முன்சக்கரம் ஒரு கணம் இலேசாகும். கனமான ஃபிளைவீல் இருந்தால் அந்தக் கணத்தில் ஆர்.பி.எம். பெரிதாக அசையாது. மிக இலேசான ஃபிளைவீலோடு, மிதித்தபடி இருந்தால், ஊசி எகிறி இறங்கும். மழைநாளில் அந்த எகிறலே சக்கரம் வழுக்கக் காரணமாகிவிடும்.

ஆகவே என் கருத்து இது. ஒரே காடியில் வேலைக்கும் போய், கோவிலுக்கும் போய், வருஷத்தில் சில தடவை சிப்பாங் போகிறவர், ஃபேக்டரி எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் போதும். கொஞ்சம் துணிந்தவர் நாற்பது விழுக்காடு போகலாம். பாதிக்கு மேல் குறைப்பதெல்லாம் டிரெய்லரில் ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோகும் காடிக்கு. பந்தயக் காடியின் கிளச் ஒரு வார இறுதி தாங்கினால் போதும். உங்கள் கிளச் மூன்று நான்கு வருஷம் தாங்க வேண்டும். ஃபிளைவீல் ஒரு வெப்பத் தொட்டியும்கூட. கிளச் உரசும்போது பிறக்கும் சூட்டை வாங்கிக்கொள்வது அந்த இரும்புதான். இரும்பு குறைந்தால் சூடு சீக்கிரம் ஏறும், ஃபிளைவீலின் உரசும் முகத்தில் நீலப் புள்ளிகள் விழும், அப்புறம் கிளம்பும்போதெல்லாம் காடி உதறும்.

எடையைக் கடைக்காரர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, பழையதைக் கழற்றியதும் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது. பல் வளையத்தோடு சேர்த்து நிறுங்கள். புதியதையும் பல் வளையத்தோடு நிறுங்கள். சில கம்பெனிகள் வளையத்தை விட்டுவிட்டு எடை சொல்லும்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி. 'அண்ணே, இருக்கிற ஃபிளைவீலையே லேத்தில் போட்டுச் சீவிவிடலாமே, சொற்பக் காசுதானே?' இங்கே லேத் தெரிந்த கைக்குக் குறைவில்லை. 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தொடங்கியதே பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்தக் காலம் தொட்டு மில் இருக்கிற இடத்தில் ஃபிட்டரும் லேத்தும் இருந்தே வந்திருக்கின்றன. கை நல்ல கைதான். ஆனால் பிரச்சினை கையில் இல்லை, இரும்பில் இருக்கிறது. பழைய ஃபிளைவீல்களில் பெரும்பாலானவை வார்ப்பிரும்பு. அமுக்கினால் எவ்வளவும் தாங்கும். இழுத்தால் வெடிக்கும். சுற்றும் சக்கரத்தில் நடப்பது முழுக்க இழுவைதான்.

14 செ.மீ. ஆரமுள்ள ஃபிளைவீல் 7,500 ஆர்.பி.எம்.மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 396 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அந்த இடத்தில் ஒவ்வொரு கிராம் இரும்பும் எட்டுக் கிலோவுக்கு மேல் வெளியே இழுக்கிறது. இதில் கிளச் சூட்டில் விழுந்த மயிரிழை வெடிப்பு ஒன்று, லேத் உளி விட்ட கூர்மையான உள்மூலை ஒன்று சேர்ந்தால் போதும். குறுக்கே படுத்திருக்கும் இன்ஜினில் ஃபிளைவீல் சுற்றும் தளம் பானெட்டையும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுச் சுவரையும் நேராகப் பார்க்கிறது. கியர்பாக்ஸின் அலுமினிய உறை அந்தத் துண்டுகளை நிறுத்தாது. முகத்தைச் சமப்படுத்த மெல்லிசாக ஒரு தடவை சீவுவது வேறு, அது கிளச் வேலையின் பகுதி. எடைக்காகச் சீவுவதைச் செய்யாதீர்கள், செய்துதரச் சொல்லியும் கேட்காதீர்கள்.

வாங்கவேண்டியது ஒரே துண்டாக அடித்துச் செய்த குரோம்-மாலிப்டினம் எஃகு ஃபிளைவீல். இங்கே எல்லோரும் குரோமோலி என்பார்கள். அலுமினிய ஃபிளைவீலும் உண்டு. அதில் கிளச் உரசும் முகத்துக்கு எஃகுத் தகடு தனியாகத் திருகியிருப்பார்கள், தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றலாம். சாலைக் காடிக்கு நான் எஃகையே சொல்வேன். அமெரிக்காவின் எஸ்.எஃப்.ஐ. 1.1 தர முத்திரை இருந்தால் அது வெடிப்புச் சோதனையில் தேறியது என்று பொருள். பெயரில்லாப் பெட்டியில் வரும் மலிவுச் சரக்கை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

நேரமும் முக்கியம். இந்த வேலைக்குச் செலவில் பெரும்பங்கு கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான். ஆகவே கிளச் தேய்ந்து எப்படியும் இறக்கவேண்டிய நாள் வரை காத்திருங்கள். அன்றைக்கு ஃபிளைவீல், கிளச் தட்டு, கவர், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் எல்லாம் ஒரே தடவையில் முடிந்துவிடும். கிளச் தட்டில் நடுவில் ஸ்பிரிங் உள்ளதையே எடுங்கள். லைட் ஃபிளைவீலோடு ஸ்பிரிங் இல்லாத துண்டுக் கிளச்சையும் சேர்த்தால் காடி வீட்டு வாசலில் பின்னால் எடுக்கும்போதே துள்ளும்.

கழற்றும் வேலையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முதலில் பாட்டரி வயர். பிறகு கியர்பாக்ஸ் எண்ணெய், டிரைவ் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர், கிளச் கேபிள் அல்லது சிலிண்டர். இன்ஜினைக் கீழே முட்டுக் கொடுத்த பிறகே மவுண்டிங். கியர்பாக்ஸை இறக்க இரண்டு பேர் வேண்டும். தோட்டத்து வீட்டு முற்றத்தில் செய்கிறவர்கள் செம்மண்ணில் ஜாக் ஸ்டாண்டு வைக்காதீர்கள். காலையில் கெட்டியாக இருக்கும் தரை மத்தியான மழைக்குப் பிறகு ஒரு கால் மட்டும் அமுங்கும். சிமெண்டுத் தரை இல்லையென்றால் பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

கிளச் கவரின் போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், இல்லையென்றால் கவர் வளையும். ஃபிளைவீல் போல்ட்களை எடுக்கும்போது கடைசி ஒன்றைப் பாதி மரையில் விட்டுவிட்டு, ஒரு கையை ஃபிளைவீலின் கீழே கொடுத்த பிறகே அதைக் கழற்ற வேண்டும். எட்டுக் கிலோ இரும்பு நெஞ்சின் மேல் விழுவதற்கு ஒரு நொடி போதும். சுற்றாமல் பிடிக்க அதற்கென்று பல் வளையத்தில் மாட்டும் பூட்டு விற்கிறது. ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி நிறுத்தினால் அலுமினிய உறையின் காது உடையும்.

இப்போது நிதானமாகச் செய்யவேண்டிய இடம். கிராங்க் ஷாஃப்டின் முகத்தைச் சுத்தமான துணியால் துடைத்து, விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் துருவோ பழைய பசையோ இருக்கிறது. அங்கே தலைமுடி அளவு அழுக்கு இருந்தாலும் ஃபிளைவீலின் விளிம்பு அதைப் பல மடங்காக்கித் தள்ளாடும். புது ஃபிளைவீலில் துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் இருக்கும். பிரேக் கிளீனரால் மூன்று நான்கு தடவை துடையுங்கள், வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பி வரும் வரை. கிளச் வழுக்குகிறது என்று புதுசு மாட்டிய வாரமே திரும்பி வரும் காடிகளில் பாதி இந்த எண்ணெயால்தான் வருகின்றன.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மூன்றை ஒப்பிடுங்கள். பல் எண்ணிக்கை, கிளச் கவரைப் பிடிக்கும் ஊசிகளின் இடம், உரசும் முகத்துக்கும் கவர் உட்காரும் முகத்துக்கும் இடையே உள்ள உயரம். மூன்றாவதைத்தான் பலர் பார்ப்பதில்லை. அது மாறினால் கிளச்சின் பிடி மாறும். ஒன்று வழுக்கும், அல்லது முழுசாக மிதித்தாலும் கியர் விழாது. கிராங்க் சென்சார் ஃபிளைவீலின் பல்லைப் படிக்கும் இன்ஜின் என்றால் அந்தப் பற்களும் அச்சு மாறாமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் காடி ஸ்டார்ட்டே ஆகாது.

போல்ட் புதியதாகவே இருக்கட்டும். சில இன்ஜின்களில் போல்ட் ஓட்டை உள்ளே எண்ணெய் வரை திறந்திருக்கும், அங்கே மரையில் சீலண்ட் பூசாவிட்டால் எண்ணெய் கசிந்து புதுக் கிளச்சை நனைக்கும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் இன்ஜினின் கையேட்டில் பாருங்கள், பக்கத்துப் பட்டறைக்காரரின் ஞாபகத்தை நம்பாதீர்கள். எதிரெதிராக, மூன்று கட்டமாக, டார்க் ரென்ச்சில் முறுக்குங்கள். முடித்ததும் டயல் கேஜை இன்ஜின் முதுகில் நிறுத்தி, முள்ளை உரசும் முகத்தின் ஓரத்தில் வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். முள் கையேடு சொல்லும் அளவுக்குள் ஆட வேண்டும். தாண்டினால் மறுபடி கழற்றித் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சோம்பல்பட்டு அப்படியே ஏற்றினால் அந்த உதறல் கிளச் மிதியில் வந்து நிற்கும்.

ஏற்றி முடித்து ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் இன்ஜின் முன்பைவிடக் கொஞ்சம் ஆடும். அது இயல்பு. சோதனையை ராத்திரியில் செய்யுங்கள். ஹெட்லைட், ஏர்கான், பின்கண்ணாடிச் சூடு, ரேடியேட்டர் விசிறி எல்லாம் ஓடும்போது ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்புங்கள். இன்ஜின் அணையப் பார்த்தால் த்ராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் சுத்தம் செய்து, ஐடிலை 50 முதல் 100 ஆர்.பி.எம். உயர்த்துங்கள். நம் வெயிலில் ஏர்கான் இல்லாமல் ஓட்டப்போவதில்லை என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாது. புதிய காடிகளில் கம்ப்யூட்டர் கிராங்க்கின் வேகம் ஏறி இறங்குவதை வைத்து மிஸ்ஃபயரைக் கண்டுபிடிக்கும். ஃபிளைவீல் இலேசானதும் இல்லாத மிஸ்ஃபயரைச் சொல்லி இன்ஜின் விளக்கு எரியலாம். பிளக்கும் காயிலும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே டியூனரிடம் போங்கள்.

முதல் 800 கி.மீ.க்குக் கிளச்சைச் சோதிக்காதீர்கள். டவுனில் நின்று நின்று போகும் ஓட்டமே தட்டும் முகமும் ஒன்றையொன்று பழகுவதற்கு நல்லது. கிளம்பும்போது முன்பைவிட இருநூறு முந்நூறு ஆர்.பி.எம். கூடுதல் கேட்கும், இரண்டு வாரத்தில் கால் பழகிவிடும். கியர் மாற்றத்தைத்தான் வேகமாக்கவேண்டும். பழைய நிதானத்தில் மாற்றினால் ஆர்.பி.எம். அதற்குள் கீழே போய்விட்டிருக்கும், ஒவ்வொரு கியருக்கும் காடி ஒரு குலுக்கு குலுக்கும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் காடியைத் தூக்கி, கியர்பாக்ஸ் உறையின் அடி ஓட்டையில் எண்ணெய் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழைய ஃபிளைவீலைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். எண்ணெய் தடவி, நாளிதழில் சுற்றி, படுக்க வைத்து எடுத்து வையுங்கள். காடியை விற்கும்போது வாங்குகிறவர் பெரும்பாலும் அந்த ஃபிளைவீலையும் சேர்த்துத்தான் கேட்பார்.